மூன்று நாள் கணக்கு

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. விருந்தினர் ஒரு வீட்டில் மூன்று நாளுக்கு மேல் தங்குதல் முறையன்று. அதுபோலவே மருந்தும் மூன்று நாளுக்கு மேல் நீளுதல் நன்றன்று என்று இதற்குப் பொருள் கூறுவர். ஆயினும் இல்லங்களில் இப்பழமொழி வழங்கும் முறை சற்றே வேறானது. தலைவலி, காய்ச்சல், இருமல், வயிற்றுக் கடுப்பு என்று ஏதேனும் ஒன்று வந்துற்றால், ‘மூன்று நாள் பார்ப்போம், அதற்குள் கேட்கவில்லையென்றால் வைத்தியரிடம் காட்டுவோம்’ என்பதே வீட்டுப் பெரியோர் வழங்கும் தீர்ப்பு. சுக்குக் கஷாயமும் மிளகு ரசமும் நொச்சித் தழை வேதும் அந்த மூன்று நாள்களுக்குள் வந்து போகும்.

சிறு உடல்நலக் குறைவுகளுக்கு மருத்துவரை எப்போது நாடுவது என்ற கேள்விக்கு நம் வீடுகள் பல தலைமுறைகளாக வைத்திருந்த விடை இதுவே. இவ்விடை எந்த அளவுக்குச் சரி, எங்கே வழுவுகிறது, இதனினும் நுட்பமான கணக்கு ஒன்று நம் மரபிலேயே உண்டா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொள்ளும் களம் புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள நோணாங்குப்பம். எம் பாட்டியார் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. இக்கேள்வி எம்முள் எழுந்ததும் அவ்வூரில்தான்.

பாட்டியாரின் கால்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பம் ஆற்றைக் கடந்து மேலும் தெற்கே சென்றால், சுண்ணாம்பாற்றங்கரையில் நோணாங்குப்பம் வரும். அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஊர். ‘கொம்யூன்’ என்ற சொல்லே பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எச்சம். இன்று வெளியூரார் இவ்வூரை அறிவது படகுத் துறையால்தான். விடுமுறை நாள்களில் பயணிகள் இங்கிருந்து படகேறி, ஆறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்து மணற்பரப்புக்குச் செல்கின்றனர்.

எம் பாட்டியார் கீரை விற்றவர். விடியுமுன் கூடையைத் தூக்கிக்கொண்டு பேருந்தேறிப் புதுச்சேரிப் பெரிய அங்காடிக்குச் சென்று, உச்சிப் பொழுதில் திரும்புவார். அவருடைய இடது கால் எமக்கு நினைவு தெரிந்த நாள் முதலே வீங்கியிருந்தது. ஆண்டுக்கு நான்கைந்து முறை அவருக்குக் குளிர்காய்ச்சல் வரும். தொடையிடுக்கில் நெறி கட்டும். கால் சிவந்து, தொட்டால் நெருப்பாய்ச் சுடும். அப்போதெல்லாம் வீட்டார் மருத்துவமனைக்கு அழைத்தால், ‘மூணு நாள்ல தானா போயிடும், சும்மா இரு’ என்பார். 

அவர் சொன்னது ஒருமுறையும் பொய்த்ததில்லை என்பதே இதில் கருதத்தக்கது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சல் தணியும். நெறி வாங்கும். மறுநாள் விடியலில் கூடை மீண்டும் தலைக்கு ஏறும். ஒவ்வொரு முறையும் மூன்று நாள் கணக்கு வென்றது. ஒவ்வொரு முறையும் கால் மட்டும் முன்னிருந்ததைவிடச் சற்றே பருத்தது.

மருத்துவமனை அருகிலேயே இருந்தது

சிற்றூர் மக்கள் மருத்துவரை நாடாமைக்குத் தொலைவே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. பல ஊர்களுக்கு இது மெய். ஆனால் புதுச்சேரிச் சுற்றுவட்டாரத்துக்கு இக்காரணம் முழுமையாகப் பொருந்தாது.

மேலை மருத்துவக் கல்வி இம்மண்ணில் மிக முன்னரே கால்கொண்டது. பிரெஞ்சு ஆட்சியினர் 1823ஆம் ஆண்டிலேயே புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவினர். சென்னை மருத்துவக் கல்லூரியாகப் பின்னாளில் வளர்ந்த பள்ளி தொடங்கப்பெற்றது 1835இல்தான். 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1964இல் அது ஜவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமாக, மக்கள் வழக்கில் ‘ஜிப்மர்’ ஆக, உருக்கொண்டது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியையும் பெற்றது. பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் பேருந்தேறிக் கோரிமேட்டுக்கு வந்து இறங்கும் காட்சி இன்றும் நாள்தோறும் காணக்கூடியது.

இவையன்றி நகரின் நடுவே அரசுப் பொது மருத்துவமனையும் உண்டு. பாட்டியார் கீரை விற்ற அங்காடிக்கும் அம்மருத்துவமனைக்கும் இடையே நடை தூரமே. முப்பது ஆண்டுகள் அவர் நாள்தோறும் அந்நகருக்குச் சென்று திரும்பினார். மருத்துவமனை தொலைவில் இருந்ததால் அவர் போகாதிருக்கவில்லை. போவதற்குரிய நோய் தமக்கு வந்ததாக அவர் கருதவேயில்லை. மூன்று நாளில் போய்விடும் ஒன்றை நோயென்று சொல்லி ஒரு நாள் கூலியை இழப்பானேன் என்பது அவர் கட்சி.

இரவில் வந்தவர்கள்

யானைக்கால் நோயின் வரலாற்றை நோக்கினால் அவருடைய கணக்கு எங்கே வழுவியது என்பது விளங்கும்.

இந்நோய்க்குக் காரணமான நுண்புழுக்களை மனித இரத்தத்தில் முதலிற் கண்டவர் திமத்தி லூயிஸ் என்ற மருத்துவர். ஆண்டு 1872, இடம் கல்கத்தா. 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன், அப்புழு கொசுவின் உடலுள் வளர்வதைக் கண்டறிந்தார். ஒரு பூச்சி மனித நோயொன்றைச் சுமந்து திரியக்கூடும் என்ற உண்மைக்கு அதுவே தொடக்கம். அவரே பின்னர் வேறொரு வியப்பையும் வெளிப்படுத்தினார். பகலில் எடுத்த இரத்தத்தில் அரிதாகவே தென்படும் அந்நுண்புழுக்கள், இரவில் எடுத்த இரத்தத்தில் மிகுந்து காணப்பட்டன. கொசு கடிக்கும் வேளை நோக்கி அவை இரத்த ஓட்டத்தில் உலவ வருகின்றன. எனவே இந்நோயைத் தேடுவோர் இரவில்தான் வீடு வீடாகச் செல்லவேண்டும்.

1955இல் இந்திய அரசு தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியிலேயே நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. அதன் இயக்குநராயிருந்த பி. கே. ராஜகோபாலன் காலத்தில், 1981 முதல் 1985 வரை, புதுச்சேரி நகரில் யானைக்கால் கொசுவை ஒடுக்கும் முன்னோடித் திட்டம் நடைபெற்றது. மருந்து தெளிப்பதை மட்டும் நம்பாமல், கழிவுநீர் தேங்கும் சாக்கடைகளையும் குட்டைகளையும் சீர்செய்து கொசு பிறக்கும் இடத்தையே ஒழிப்பது அதன் வழி. 2004 முதல் நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை, நோயுள்ளவர் இல்லாதவர் என்ற வேறுபாடின்றி, மக்கள் அனைவருக்கும் மாத்திரை வழங்கும் திட்டம் நாடெங்கும் செயற்படுத்தப்பட்டது.

எமக்குப் பத்து வயதிருக்கும். ஓரிரவு எட்டு மணிக்கு மேல் அரசு ஊழியர் இருவர் கைவிளக்கோடு நோணாங்குப்பத்து வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டனர். வீட்டிலிருந்த சிறுவர் நாங்கள் அழுதுகொண்டே விரலை நீட்டினோம். பாட்டியார் மட்டும் கொடுக்கவில்லை. ‘எனக்குத்தான் இப்போ காய்ச்சல் இல்லியே, ஒடம்பு நல்லா இருக்கறவகிட்ட எதுக்கு ரத்தம்?’ என்று கேட்டு உள்ளே போய்விட்டார்.

பல்லாண்டுகள் இதை அறியாமை என்றே நாம் எண்ணியிருந்தோம். பின்னர்ப் படித்தறிந்தவை வேறு உண்மைகளைச் சொல்லின. கால் முற்ற வீங்கியவர்களின் இரத்தத்தில் நுண்புழுக்கள் பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஆகவே அன்று அவர் இரத்தம் கொடுத்திருந்தாலும் ஒன்றும் புலப்படாமலே போயிருக்கக்கூடும். மேலும், அவரை வாட்டிய மூன்று நாள் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் நேர்க்காரணமாவது புழுவும் அன்று. வீங்கிய காலின் விரலிடுக்குகளில் தோன்றும் வெடிப்பும் சேற்றுப்புண்ணும் வழியாகப் பாக்டீரியாக்கள் நுழைகின்றன. முன்னமே பழுதுற்ற நிணநீர்க் குழாய்களால் அவற்றை எதிர்க்க இயலுவதில்லை. காய்ச்சலும் நெறியும் அதன் விளைவு. ஒவ்வொரு காய்ச்சலும் அக்குழாய்களை மேலும் பழுதாக்க, வீக்கம் வளர்கிறது. 

‘தென்னை மரத்தில் தேள் கொட்டப் பனை மரத்தில் நெறி கட்டியதுபோல’ என்று தொடர்பற்றவற்றை முடிச்சிடுவோரைப் பழிப்பது நம் வழக்கு. உடம்பிலோ விரலிடுக்கின் வெடிப்புக்கும் தொடையிடுக்கின் நெறிக்கும் மெய்யாகவே தொடர்புண்டு. பிரேசில் நாட்டிலும் நம் கேரளத்து ஆலப்புழையிலும் 1990களில் நடைபெற்ற ஆய்வுகள் இத்தொடர்பைத் தெளிவாக்கின. காலை நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, வெடிப்புக்குக் களிம்பிட்டு வந்தாலே காய்ச்சல் வருவது பெரிதும் குறையும் என்பது நிலைநாட்டப்பட்டது.

பாட்டியாரின் காய்ச்சல் மூன்று நாளில் தணிந்தது உண்மை. தணிந்தது காய்ச்சல், நோய் தணியவில்லை. நாளை மட்டும் எண்ணியவருக்கு இவ்வேறுபாடு புலப்பட வழியில்லை.

வள்ளுவரின் மூன்று அளவுகள்

நிற்க. நாளெண்ணும் கணக்கைவிட நுட்பமான கணக்கு ஒன்று நம்மிடம் இருந்ததா என்றால், இருந்தது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ அதிகாரத்தின் அமைப்பே இதற்குச் சான்று.

அவ்வதிகாரத்தின் முதற் குறள் வாதம் முதலிய மூன்றும் மிகுதலும் குறைதலும் நோயாகும் என்கிறது. அடுத்த ஆறு குறள்களும் உணவைப் பற்றியவை. உண்டது செரித்ததை அறிந்து உண்ணுதல், அளவோடு உண்ணுதல், உடலுக்கு ஒவ்வாததை விலக்குதல் என அவை விரிகின்றன. ஆக, பத்தில் ஏழு குறள் வரையில் மருத்துவர் என்பவர் வரவேயில்லை. அதுவரை பேசப்படுவது ஒருவன் தன் உடம்பைத் தானே பேணும் முறையே. எட்டாம் குறளில்தான் நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் தேரும் முறை வருகிறது. ஒன்பதாம் குறளில் கற்ற மருத்துவன் கருதவேண்டிய மூன்று அளவுகள் சொல்லப்படுகின்றன. நோயுற்றவனின் அளவு ஒன்று, நோயின் அளவு ஒன்று, காலம் ஒன்று. பத்தாம் குறள் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் ஆகிய நால்வகைக் கூறுகளின் தொகுதியே மருத்துவம் என்று முடிக்கிறது.

இம்மூன்று அளவுகள் மருத்துவனுக்குச் சொல்லப்பட்டவை. எனினும் மருத்துவனிடம் செல்வதா வேண்டாவா என்று வீட்டில் முடிவு செய்பவருக்கும் இவையே போதிய அளவுகோல் என்பது எம் துணிபு. மூன்று நாள் கணக்கில் காலம் என்ற ஓர் அளவு மட்டுமே உண்டு. நோயுற்றவர் யார், நோய் எத்தகையது என்னும் ஏனை இரண்டும் அதில் விடுபட்டுப் போயின.

நோயின் அளவு

முதலில் நோயின் அளவைக் காண்போம். சாதாரணச் சளிக்கு மூன்று நாள் என்பதுகூடக் குறைவு. நலமான ஒருவருக்குச் சளி ஏழு முதல் பத்து நாளில் தானே தீரும். அதற்கு மருத்துவரும் வேண்டா. மருந்தும் பெரிதாக வேண்டா.

வாந்திபேதியோ மூன்று நாள் பொறுக்காது. காலரா கண்டவர் சில மணி நேரத்துக்குள் நீர்ச்சத்து வற்றி இறக்கக்கூடும். இங்கே வீட்டு மருத்துவத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை மறக்கலாகாது. 1971இல் வங்காளதேசப் போரின்போது, எல்லையோரத்துப் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். சுமார் 30 விழுக்காடாயிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அருகிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகக் குறள் வைத்தமைக்கு இதனினும் நல்ல விளக்கவுரை இல்லை. உப்பிட்ட கஞ்சியைப் புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும் என்பதே இங்குக் கொள்ளத்தக்க முறை.

டெங்குக் காய்ச்சல் மூன்று நாள் கணக்கை நேராகவே ஏமாற்றுவது. மூன்று முதல் ஏழு நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டார் நிம்மதி அடைவர். ஆபத்தான கட்டமோ காய்ச்சல் இறங்கும் அந்நேரத்தில்தான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, நில்லாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதிக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வெப்பமானியைப் பார்த்து மகிழ்ந்திருத்தல் கூடாது.

மார்புவலியை ‘வாயுப் பிடிப்பு’ என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் வரும் மார்புவலிக்குக் கணக்கு மணியில்தான். முகம் ஒருபுறம் கோணி, கை தளர்ந்து, நாக்குழறுமாயின் அதுவும் அப்படியே. மூளைக் குழாயிலுள்ள அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாகவேண்டும்.

இவற்றுக்கு நேர்மாறானது தொழுநோய். அதன் தொடக்கம் நிறம் வெளிறிய, உணர்ச்சியற்ற ஒரு தேமல். வலிப்பதில்லை, அரிப்பதும் இல்லை. வலியில்லாததால் மூன்று நாள் எண்ணத் தொடங்கும் முதல் நாளே வருவதில்லை. 1940களின் பிற்பகுதியில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் சிதைவதற்குக் காரணம் நோய் அவற்றைத் தின்பதன்று, வலி அறியாமையால் நேரும் காயங்களே என்பதை எடுத்துக்காட்டினார். வலியை வைத்தே நோயைச் சிறிது, பெரிது என்று மதிப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு இது தக்க பாடம்.

நோயுற்றவரின் அளவு

இனி நோயுற்றவரின் அளவு. ஒரே காய்ச்சல் முப்பது வயது இளைஞனுக்கு வேறு. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு வேறு. பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ ஒரு நாளும் காத்திருத்தல் ஆகாது. கருவுற்ற பெண்ணின் தலைவலியும் பார்வை மங்கலும் பிறர்க்கு வரும் தலைவலி போன்றவை அல்ல. 

நீரிழிவு உள்ளவர் காலில் குத்திய முள் மற்றோர் எடுத்துக்காட்டு. வேலூரில் கற்ற பாடத்தைப் பால் பிராண்ட் 1966க்குப் பின் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். உணர்விழந்த நீரிழிவுக் கால்களுக்கும் அதே பாடம் பொருந்துவதை உலகம் அங்கே கண்டது. காலில் செருப்புக் கடித்த புண்ணைப் ‘பார்ப்போம்’ என்று விட்டு, விரலை இழந்தவர்களை நம் தெருக்களிலேயே காண்கிறோம். நோய் சிறிது, நோயுற்றவரின் நிலை சிறிதன்று.

சென்றவர் திரும்பிய கதை

இதுவரை கூறியதிலிருந்து, பிழையெல்லாம் காத்திருந்த நோயாளியுடையதே என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடலாகாது. காசநோயின் வரலாறு அதை மறுக்கிறது.

பெங்களூரில் 1959இல் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் ஆய்வாளர்களான தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கர்நாடகத்துத் தும்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடத்தி 1963இல் வெளியிட்டனர். சிற்றூர் மக்கள் இருமலைப் பொருட்படுத்துவதில்லை என்பது அக்காலத்துப் பொதுக் கருத்து. ஆய்வு காட்டியதோ வேறு. சளியில் காசக்கிருமி காணப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் அறிகுறிகளை நன்கு உணர்ந்திருந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவ நிலையங்களுக்குச் சென்றும் இருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. சளியைப் பரிசோதிக்காமலே அனுப்பிவிட்டனர்.

‘மருந்து’ அதிகாரத்தின் பத்தாம் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நோயாளிக்கு வேண்டிய தகுதிகளாக நான்கனைச் சுட்டுகிறார். பொருள் வேண்டும், மருத்துவன் சொற்படி நடக்கவேண்டும், தன் நோய்நிலையை எடுத்துரைக்கத் தெரியவேண்டும், மருந்தின் துன்பத்தைப் பொறுக்கவேண்டும். தும்கூரில் எடுத்துரைத்தவர்கள் இருந்தனர். கேட்டவர்தாம் இல்லை. பரிமேலழகர் முதலில் பொருளை வைத்ததும் எண்ணத்தக்கது. ஒரு நாள் கீரை விற்காவிட்டால் அடுப்பெரியாத வீட்டில், மூன்று நாள் கணக்கு என்பது வெறும் மூடநம்பிக்கையன்று. அது வரவுசெலவுக் கணக்கு.

தும்கூர் ஆய்வின் பயனாக, காசநோயைத் தனி விடுதிகளில் தேடாமல், இருமலோடு பொது மருத்துவ நிலையத்துக்கு வருவோரிடமே தேடவேண்டும் என்ற கொள்கை உருவானது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை தேவை என்று இன்று சுவர்தோறும் எழுதப்பட்டிருக்கும் அறிவிப்பின் வேர் அங்கே உள்ளது. முன்பு இவ்வெல்லை மூன்று வாரமாக இருந்தது. ஆக, நோய்க்கேற்ற நாள் கணக்கை மருத்துவமும் கைக்கொள்ளத்தான் செய்கிறது. எல்லா நோய்க்கும் ஒரே கணக்கு என்பதை மட்டுமே அது ஏற்பதில்லை.

விரைந்தோடுதலும் பிழையே

மறுபுறத்தையும் சொல்லாது விடின் கட்டுரை ஒருதலைப்பட்சமாகும். பாட்டியார் தலைமுறை காத்திருந்து இழந்தது. நம் தலைமுறை தும்மலுக்கே மருந்துக்கடைக்கு ஓடுகிறது. ‘ஊசி போட்டால்தான் கேட்கும்’ என்று நாமே கேட்டு வாங்குகிறோம். வைரஸ் கிருமியால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை பயன்படாது. வேண்டாதபோது உண்டு பழகினால் வேண்டும்போது அது வேலை செய்யாது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசுச் சொற்பொழிவிலேயே, குறைந்த அளவில் உண்ணப்படும் மருந்து கிருமிகளை எதிர்ப்பாற்றல் பெறச் செய்யும் என்று எச்சரித்தார். இந்திய அரசும் 2014 முதல் குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக் மருந்துகளை ‘எச்1’ பட்டியலில் சேர்த்து, அவற்றின் விற்பனையைத் தனியே பதிவு செய்யப் பணித்தது.

ஆகவே ‘உடனே போ’ என்பதும் ‘மூன்று நாள் பொறு’ என்பதும் ஒரே குறையுடைய இரு விடைகள். இரண்டும் நோயாளியையும் நோயையும் பாராமல் சொல்லப்படுபவை.

அறிவுறுத்தும் மொழி

மூன்று அளவுகளையும் பார்ப்பதற்கு வீட்டாருக்கு ஓரளவேனும் உடலறிவு வேண்டும். அவ்வறிவு அவர்கள் மொழியில் இருக்கவேண்டும். புதுச்சேரியின் மருத்துவப் பள்ளி பிரெஞ்சு மொழியில் கற்பித்தது. அதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் வேறொரு வழியை மேற்கொண்டார். 1847இல் அங்கு வந்த அவர் தமிழ் கற்று, 1860களில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, பொது மருத்துவம் ஆகிய துறை நூல்களை மாணவர் துணையோடு தமிழாக்கி வெளியிட்டார். தமிழில் பயின்ற மருத்துவன் நோயாளியிடம் அவர் மொழியிலேயே நோயை விளக்க இயலும் என்பது அம்முயற்சியின் அடிப்படை. இன்று மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருப்பதை வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத நிலையை எண்ணும்போது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அவ்வுழைப்பின் அருமை விளங்குகிறது.

எம் பாட்டியார் 2003இல் மறைந்தார். முதுமையே காரணம், கால் அன்று. ஆயினும் கடைசிப் பத்தாண்டுகள் அக்காலால் அவர் அங்காடிக்குச் செல்ல இயலவில்லை. திண்ணையில் அமர்ந்து, போகும் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வீட்டில் இன்றும் யாருக்கேனும் காய்ச்சல் என்றால் ‘மூன்று நாள் பார்ப்போம்’ என்ற குரல் எழத்தான் செய்கிறது. அக்குரலை நாம் மறுப்பதில்லை. யாருக்கு என்றும், என்ன நோய்க்கு என்றும் உடன் கேட்கிறோம். குழந்தைக்கா, நீரிழிவுள்ள பெரியப்பாவுக்கா, முன்பு இதே காய்ச்சல் எத்தனை முறை வந்தது, காய்ச்சல் போனபின் உடம்பில் எஞ்சியது என்ன என்று கேட்கிறோம். 

இக்கேள்விகளுள் கடைசியை மட்டும் யாரேனும் அன்று கேட்டிருந்தால், பாட்டியார் தம் காலைக் காட்டியிருப்பார். காட்டியபின் வேண்டியிருந்தவை ஒரு சோப்புக்கட்டியும், விரலிடுக்கின் ஈரம் துடைக்க ஒரு பழந்துணியும். அவை இரண்டும் அவ்வீட்டிலேயே இருந்தன.